வாராவாரம் மாட்டு விலை சொல்ல எந்த வழி? பால் சொசைட்டிப் பலகை, வாட்ஸ்அப், குரல் அழைப்பு, வானொலி: ஓர் ஒப்பீடு

விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துபவர்கள், வேளாண் அறிவியல் நிலையத்தில் களப்பணி செய்பவர்கள், பால் சொசைட்டிச் செயலாளர்கள் என்று பலரும் கேட்கிற கேள்வி இது: "எங்க பக்கத்துல மாடு வளர்க்கிறவங்களுக்கு வாராவாரம் சந்தை நிலவரம் சொல்லணும். கையில ஒரே ஆள், கொஞ்சம் பணம். எதுல சொல்றது?"

நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் விலை தெரிந்துகொள்ள உழவன் செயலி இருக்கிறது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. மாட்டுக்கு, சந்தை முடிந்த மறுநாள் செய்தித்தாளில் "பசு இத்தனை ஆயிரம் முதல் இத்தனை ஆயிரம் வரை" என்று ஒரு வரி வரும். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் என் மாடு எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எருமை சேராமல் சுமார் 95 லட்சம் மாடுகள். ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் மாடு விற்பது வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ நடக்கும் காரியம். வாங்க வருகிற வியாபாரி வாரத்துக்கு மூன்று நான்கு சந்தை பார்ப்பவர். கட்டுத்தறியில் நடக்கும் பேரத்தில் யாருக்கு விலை தெரியும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் சித்தி ஒரு புதன்கிழமை மதியம் தன் இரண்டாம் ஈத்து (இரண்டாவது கன்று ஈன்ற) பசுவை வீட்டு வாசலிலேயே 38 ஆயிரத்துக்குக் கொடுத்தார். மறுநாள் சந்தையில் அதே மாதிரி மாடு ஐம்பதைத் தொட்டு முடிந்ததை நானே பார்த்தேன். போனை எடுத்துச் சித்தியிடம் சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டிய நாள் அதற்கு முந்தைய வெள்ளி. அந்த வெள்ளிக்கிழமை எதன் வழியாகச் சொல்லியிருந்தால் சித்தி காதில் விழுந்திருக்கும் என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன்.

## முதலில், எந்த விலை?

வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேசியாக வேண்டும். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தை வியாழன். மாடுகள் புதன் இரவே வந்து இறங்கத் தொடங்கிவிடும். பொள்ளாச்சிக்குச் செவ்வாயும் வியாழனும். மணப்பாறைக்குச் செவ்வாய் மாலை தொடங்கிப் புதன். காங்கேயம் மாடுகளுக்கென்றே பழையகோட்டையில் ஞாயிறுதோறும் மாட்டுத்தாவணி. நம் சந்தைகளில் பழைய வழக்கப்படி விலையை யாரும் கூவுவதில்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போடுவார். அடியில் விரல் பிடித்துப் பேரம் நடக்கும். எத்தனை விரல், எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்பவருக்கு முகம் மட்டும்தான் தெரியும். ஒருவர் தலையை ஆட்டிக் கையை உருவிக்கொள்வார், தரகர் மறுபடி பிடித்து இழுப்பார், துண்டு மறுபடி விழும். முடிந்துவிட்டால் அச்சாரம் கைமாறும், கயிறு கைமாறும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கன்று வளர்ப்பவர்களுக்கு, விவசாயிகளுக்கு வழிகாட்டும் விரிவாக்கத் துறையினர் வாராவாரம் சந்தை அறிக்கை தருகிறார்கள். அங்கே ஏலத்தில் விலை சத்தமாகச் சொல்லப்படுகிறது, மாடு தராசில் ஏறுகிறது, வேளாண் துறை ஆள் உட்கார்ந்து நூறு பவுண்டுக்கு இவ்வளவு என்று உடல்வாகு வாரியாக எழுதிக்கொள்கிறார். அந்த அறிக்கையை அனுப்புவது மட்டும்தான் மீதி வேலை. நமக்கு அந்த அறிக்கையே இல்லை. தராசு இல்லை, கூவலும் இல்லை. பல்லைப் பார்த்து, மடியைத் தடவி, முடிச் சுழி எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கண்ணால் மதிக்கிற மாடு.

ஆகவே நம் சந்தையில் ஒரு மாட்டுக்கு மூன்று விலை உண்டு: விற்பவர் சொல்லும் விலை, வாங்குபவர் கேட்கும் விலை, முடிந்த விலை. சந்தையைச் சுற்றி எடுக்கும் யூடியூப் வீடியோக்களில் நாம் கேட்பது பெரும்பாலும் முதலாவது. அதை நம்பிப் போகிறவர் ஏமாந்து திரும்புவார். முடிந்த விலை வேண்டுமென்றால் பேரம் நடக்கும் இடத்தில் நிற்காதீர்கள். வண்டி ஏற்றும் இடத்தில் நில்லுங்கள். விற்று முடித்துவிட்டு டீ குடிக்கிறவர் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. "எத்தனையாவது ஈத்துங்க, எவ்வளவு கறக்குது, எவ்வளவுக்கு முடிஞ்சுது?" என்ற மூன்று கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். ஒரு காலையில் இருபது மாடு எழுதலாம். மாதக்கணக்கில் ஒரே ஆள் போனால் தரகர்களே கூப்பிட்டுச் சொல்லத் தொடங்குவார்கள்.

எழுதுவதையும் ஐந்தாறு வகைக்குள் வைத்துக்கொண்டால் போதும்: முதல் இரண்டு ஈத்துக் கலப்பினக் கறவை, மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்டது, சினைக் கிடேரி, வளர்ப்புக் கிடேரிக் கன்று, கறவை எருமை, பால் வற்றிய வயதான மாடு. காங்கேயம் காளைக்கும் எருது ஜோடிக்கும் சராசரி போட முயலாதீர்கள். நிறம் மயிலையா (சாம்பல்) காரியா (கருப்பு), கொம்பு எப்படி, சுழி எங்கே, ஜோடி ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றும் தனிக் கதை. அங்கே ஒரு சராசரி எண் தீமைதான் செய்யும்.

இந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால் கீழே உள்ள எந்த வழியும் பயன்படாது. கையில் இருக்கும் பணத்தில் பாதியை இந்த ஆளின் பயணப்படிக்கும் காலை நேரத்துக்கும் ஒதுக்குங்கள். மீதிப் பாதிக்குத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடைபோடுவது

முடிவுக்கு முன் வருகிறதா? இதுதான் முதல் அளவுகோல். 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரைக்குக் கைபேசி வந்தபோது மத்தி பிடிப்பவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் விலை நன்றாக இருக்கிறது என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது, விற்காமல் கொட்டுகிற மீன் ஏறக்குறைய இல்லாமலே போனது. இதற்கு நேர்மாறாக மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் குறுஞ்செய்தி வழியாக விலையும் வானிலையும் அனுப்பிப் பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், விவசாயிகள் பெற்ற விலையில் சராசரியாகக் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது, விலை தெரிந்த பிறகு வேறு பக்கம் திரும்ப முடிந்தால்தான் அந்தச் செய்திக்கு மதிப்பு. மாடு படகு இல்லை. வண்டியில் ஏற்றிவிட்டால் வாடகை, நுழைவுச் சுங்கம், கறக்காமல் கட்டிய மடி எல்லாம் சேர்ந்து "வந்த விலைக்குக் கொடுத்துடலாம்" என்று சொல்ல வைத்துவிடும். மாடு கட்டுத்தறியில் இருக்கும்போது விலை வீட்டுக்கு வர வேண்டும். வியாழன் சந்தை என்றால் வெள்ளி மாலைக்குள்.

யார் காதில் விழுகிறது? கறப்பவர், தீவனம் போடுபவர், விற்கலாமா என்று வீட்டில் பேச்சைத் தொடங்குபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா, நேரம் இருக்கிறதா?

வகை வாரியாகச் சொல்ல இடம் இருக்கிறதா? "பசு 20 முதல் 80 வரை" என்பதோடு நின்றுபோகும் வழி வேண்டாம்.

திரும்பக் கேட்க முடிகிறதா? "என் மாட்டுக்கு ஒரு காம்பு அடைப்பு, அப்ப எவ்வளவு?" என்று கேட்கிற அக்காவுக்குப் பதில் வேண்டும்.

மூன்று வருடம் தாங்குமா? பணத்தைவிட ஆள் நேரம்தான் தீர்ந்துபோகும். அலுவலர் மாறுதலில் போனதும் நின்றுபோன சேவைகளை நிறையப் பார்த்தாயிற்று.

## பால் சொசைட்டிப் பலகை

காலையும் மாலையும் பால் ஊற்ற வருகிறார்கள். நாளுக்கு இரண்டு முறை, கேனோடு வரிசையில் நிற்கும் பத்து நிமிடம். மாடு வைத்திருப்பவர்கள் மட்டுமே கூடும் இடம் ஊரில் இதைவிட வேறில்லை. வருபவர்களில் பெண்கள் அதிகம். சிக்னல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம்.

பலகையின் பெரிய பலம் இடம். ஆறு வகை, ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: இந்த வாரம், போன வாரம், போன வருடம் இதே சமயம். ஒரு மாதம் தொடர்ந்து பார்ப்பவருக்கு விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தானாகப் பிடிபடும். குரல் செய்தியில் இது வராது. இன்னொரு விஷயம், வரிசையில் நிற்கும்போது பலகையைப் பார்த்துப் பேச்சு வரும். "அதென்ன கிடேரிக்கு இவ்வளவு ஏறியிருக்கு?" என்று ஒருவர் கேட்க, "கேரளாக்காரங்க நிறைய வந்திருந்தாங்களாம்" என்று இன்னொருவர் சொல்வார். அந்தப் பேச்சுதான் விரிவாக்கப் பணி. படிக்கத் தெரியாதவருக்கும் விலை இப்படித்தான் போய்ச் சேரும்.

பலகையின் கடைசி வரியில் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள்: இந்த ஊரிலிருந்து சந்தைக்கு வண்டி வாடகை, சுங்கம், தரகு எல்லாம் சேர்த்து உருப்படிக்குச் சுமார் எவ்வளவு. சந்தை விலையில் இதைக் கழித்தால்தான் வீட்டு வாசல் விலை. இதை எழுதாமல் விட்டால், வாசலில் நியாயமாகக் கேட்கிற வியாபாரியையும் விரட்டிவிட்டுச் சந்தைக்குப் போய்க் குறைந்த பணத்தோடு திரும்புவார்கள். பழி பலகை மேல் விழும்.

மறைந்த செலவுகள்: பலகைக்கும் பெயிண்டுக்கும் ஆகும் பணம் கொஞ்சம்தான். செலவு சொசைட்டிச் செயலாளரின் மனசு. அவர் வெள்ளிக்கிழமை சாக்பீஸை எடுக்க வேண்டும். 45-ஐ 54 என்று எழுதிவிட்டால் ஒரு வாரம் ஊர் முழுக்க அதுதான் விலை. எங்கள் பகுதியில் ஒரு பலகையில் ஐந்து வாரம் ஒரே எண்ணே இருந்தது. கேட்டால் "மாறலைன்னு நினைச்சேன்" என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. செயலாளரோ அவர் உறவினரோ தரகு பார்ப்பவராக இருந்தால் அங்கே பலகை வைக்காமல் கால்நடை மருந்தகத்திலோ ரேஷன் கடையிலோ வைப்பது மேல். தனியார் பாலுக்கு ஊற்றுபவர்கள் சொசைட்டிக்கு வரமாட்டார்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

எப்போது நல்லது: சொசைட்டி உயிரோடு இயங்கும் பால் ஊர்களில். இங்கே வேறு எதற்கும் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

## வாட்ஸ்அப்

எல்லோர் மனதிலும் முதலில் வருவது இதுதான். நியாயமும் இருக்கிறது. இரண்டு நிமிடக் குரல் பதிவு, பலகையின் ஒரு படம், வியாழன் மதியமே அனுப்பிவிடலாம். எழுத்தைவிடக் குரல் நல்லது. மாட்டைப் பற்றி ஒருவர் பேசுவதுபோல் பேசினால் கேட்பார்கள், கறந்துகொண்டே கேட்பார்கள், திரும்பவும் போட்டுக் கேட்கலாம். காங்கேயம் மாடு வளர்ப்பவர்களுக்கு இதுவே சரியான இடம், ஏனென்றால் அங்கே விலைக்குப் பின்னால் மாட்டின் படம் இல்லாவிட்டால் அந்த விலைக்கு அர்த்தமில்லை.

எந்த வடிவம் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். குழு என்றால் 1024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் திறந்து விட்டால் மூன்றாம் வாரமே "மாடு விற்பனைக்கு" படங்களும் காலை வணக்கமும் நிரம்பி, விலைச் செய்தி நடுவில் காணாமல் போகும். தரகர்களும் உள்ளே இருப்பார்கள், உறுப்பினர் எண்கள் எல்லோருக்கும் தெரியும். மாடு வைத்திருக்கும் பெண்களுக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அழைப்பு வந்து, கணவர் குழுவை விட்டு வெளியேற்றிய கதையை நான் நேரில் கேட்டிருக்கிறேன். இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிர்வாகி மட்டும் பதிவிடும்படி பூட்டினால் குப்பை நிற்கும், கேள்வியும் நின்றுவிடும். எண்கள் அப்போதும் தெரியும்.

ஒலிபரப்புப் பட்டியல் என்றால் ஒரு பட்டியலுக்கு 256 பேர். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். அனுப்பிவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், பாதிப் பேருக்குப் போயிருக்காது. ஆனால் அவர்கள் பதிலாகக் கேட்கும் கேள்வி உங்களுக்கு மட்டும் வரும், அது பெரிய வசதி. 2023-ல் வந்த சேனல் வசதியில் பின்தொடர்பவர் எண் மற்றவருக்குத் தெரியாது, எண்ணிக்கைக் கவலையும் இல்லை. ஆனால் ஒருவழிப் பாதை.

என் தேர்வு: விலைக்குச் சேனல், கேள்விக்கு ஒரு எண். அந்த எண் அலுவலரின் சொந்த எண்ணாக இருக்கக் கூடாது. நிறுவனத்தின் பெயரில் தனி சிம் வாங்கி, நிறுவன போனில் போடுங்கள். அலுவலர் மாறுதலில் போனால் போன் மேசையில் இருக்கும், சேனலும் இருக்கும்.

மறைந்த செலவு இன்னொன்று உண்டு. போன் மகனிடம், மாடு அம்மாவிடம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பட்டியலில் 400 பேர் என்றால் அதில் எத்தனை பேர் வீட்டில் மாடு கட்டியிருக்கிறார்கள் என்று ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். சில வீடுகளில் மகன் இரவு போனில் அம்மாவிடம் சொல்லிவிடுகிறான், அது நல்லதுதான். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

பதில் சொல்லும் நேரமும் கணக்கில் வர வேண்டும். வெள்ளி, சனி இரண்டு நாளும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பதில் வராத எண் இரண்டு மாதத்தில் செத்துவிடும்.

எப்போது நல்லது: இளைஞர்கள் பண்ணை நடத்தும் இடங்கள், நாட்டு மாடு வளர்ப்பவர்கள், சொசைட்டி இல்லாத, வீடுகள் சிதறிக் கிடக்கும் தோட்டக்காடுகள்.

## குறுஞ்செய்தியும் குரல் அழைப்பும்

குறுஞ்செய்தி பட்டன் போனிலும் போகும். ஆனால் தமிழில் ஒரு குறுஞ்செய்தியில் 70 குறியீடுகளுக்குத்தான் இடம். "கொ" என்ற ஓர் எழுத்தே இரண்டு இடத்தைப் பிடிக்கும். "கறவை 2 ஈத்து 10 லி: 48-55 ஆயிரம்" என்று எழுதினாலே பாதி இடம் தீர்ந்துவிடும். ஆறு வகை என்றால் மூன்று நான்கு செய்தி, அத்தனைக்கும் காசு. மொத்தமாக அனுப்ப நிறுவனத்தின் பெயர், அனுப்புநர் தலைப்பு, செய்தியின் மாதிரி வடிவம் எல்லாவற்றையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய விதிப்படி முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு 2013-ல் தொடங்கிய எம்கிசான் என்ற அரசுக் குறுஞ்செய்திச் சேவை இருக்கிறது. உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு இந்தப் பதிவு வேலை சுமைதான்.

பதிவு செய்த குரல் அழைப்பு இதைவிட நல்லது. உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோவின் கிசான் சஞ்சார் 2007 முதல் விவசாயிகளுக்கு ஒரு நிமிடக் குரல் செய்திகளை அனுப்பி வந்தது, எழுத்துத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. இன்று நிலைமை வேறு. தெரியாத எண்ணிலிருந்து பதிவுக் குரல் வந்தால் கடன் கம்பெனி என்று வைத்துவிடுகிறார்கள். கறக்கும் நேரத்தில் வந்தால் எடுக்கவே மாட்டார்கள். திரும்பக் கேட்கவும் முடியாது.

ஆகவே வாராந்தர விலைக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் உடனடிச் செய்திக்கு இதைப்போல் வேறில்லை. 2022-ல் தோல் கழலை நோய் நாட்டின் பல பகுதிகளில் பரவியது நினைவிருக்கும். அப்படியொரு நோய்க்காகச் சந்தையை மூட உத்தரவு வந்தால், புதன் மதியம் வந்த உத்தரவு புதன் மாலைக்குள், வண்டி பேசுவதற்கு முன், ஊருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு சமயம் தேர்தல். நடத்தை விதி வந்ததும் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்து வைக்கும். மாட்டு வியாபாரம் ரொக்கத்தில் நடப்பது. வெளிமாநில வியாபாரிகள் வரத் தயங்குவார்கள், வாங்க ஆள் குறைந்தால் விலையும் இறங்கும். விற்றுவிட்டுப் பணத்தோடு திரும்பும் விவசாயியும் மாட்டிக்கொள்வார். "பொறுக்க முடிந்தால் வாக்குப்பதிவு முடியும்வரை பொறுங்கள், விற்றே ஆக வேண்டுமென்றால் விற்ற ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு நிமிடக் குரல் எத்தனையோ வீட்டைக் காப்பாற்றும்.

எப்போது நல்லது: சந்தை மூடல், நோய், தேர்தல், பெருமழை. வருடத்துக்கு ஐந்தாறு முறை மட்டும். அரிதாக வந்தால்தான் எடுத்துக் கேட்பார்கள்.

## வானொலி

1960-களின் கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 ரகத்தை வானொலி அவ்வளவு பரப்பியதால் மக்கள் அதை "ரேடியோ நெல்" என்றே கூப்பிட்டார்கள். வானொலியின் வலிமை அது. ஆனால் ஒரு ரகத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரே செய்தி சொல்வது வேறு, வாரம் மாறும் ஆறு வகை மாட்டு விலையைச் சொல்வது வேறு. எண்களைக் காதால் கேட்டு நினைவில் வைப்பது கடினம். சமுதாய வானொலி 100 வாட் ஒலிபரப்பில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் நிற்கும். உங்கள் ஊர் அதற்குள் இருக்க வேண்டும். நிலையம் நடத்தும் கல்லூரியோ அமைப்போ வாரம் ஐந்து நிமிடம் இலவசமாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். விலைப் போக்கையும், ஏன் ஏறியது என்பதையும் அதில் பேசலாம். பணம் கொடுத்து நேரம் வாங்க வேண்டாம்.

## நேரில் கூட்டம்

வாராந்தர விலைக்கு இது முடியாது. ஆனால் சிக்னலும் சொசைட்டியும் இல்லாத இடத்தில் வேறு வழியில்லை. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் பட்டி போட்டு மாடு மேய்ப்பவர்களுக்குப் பலகையும் சேனலும் என்ன செய்யும்? ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தை கூடுவதற்கு மூன்று வாரம் முன்னால் மேலே போய், ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதுதான் அவர்களுக்குப் பயன். மற்ற ஊர்களில், பலகையோ சேனலோ தொடங்கும் மாதம் ஒரு கூட்டம் போடுங்கள். வகைகளை எப்படிப் பிரித்திருக்கிறோம், என் மாடு எந்த வரியில் வரும் என்று ஒரு மாட்டை நிறுத்திக் காட்டுங்கள். அந்த ஒரு கூட்டம் இல்லாமல் பலகையில் இருப்பது வெறும் எண்.

## சேர்த்துப் பார்த்தால்

| வழி | யாரைச் சேரும் | எப்போது சேரும் | வகை வாரி விவரம் | திரும்பக் கேட்க | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| சொசைட்டிப் பலகை | பால் ஊற்றுபவர், பெண்கள் அதிகம் | வெள்ளி காலை முதல் வாரம் முழுக்க | நிறைய | வரிசையில் ஒருவரோடொருவர் | செயலாளரின் ஒத்துழைப்பு, பழைய விலை அழியாமல் நிற்பது |
| வாட்ஸ்அப் சேனல், கேள்விக்கு ஒரு எண் | இளைஞர், பண்ணைக்காரர், வெளியூர் மகன் | சந்தை நாள் மதியமே | நிறைய, படத்தோடு | முடியும் | பதில் சொல்லும் நேரம், தனி சிம் |
| குறுஞ்செய்தி | பட்டன் போன் வைத்திருப்பவரும் | உடனே | மிகக் குறைவு | முடியாது | பதிவு வேலை, தமிழுக்கு இடக்குறைவு |
| குரல் அழைப்பு | எழுத்துத் தெரியாதவரும் | உடனே | குறைவு | முடியாது | எடுக்காமல் துண்டிப்பது |
| வானொலி | கேட்கும் பழக்கம் உள்ளவர் | நிலையம் தரும் நேரத்தில் | குறைவு | பெரும்பாலும் முடியாது | நேரத்தை நிலையம்தான் தீர்மானிக்கும் |
| நேரில் கூட்டம் | வந்தவர் அனைவரும் | மாதம் ஒருமுறை, சிலசமயம் வருடம் ஒருமுறை | மிக நன்று | மிக நன்று | பயணம், ஒரு முழு நாள் |

## அப்புறம், நீங்கள் எதை எடுப்பது?

ஒரே ஆள்தான், ஏழெட்டுப் பால் ஊர்கள் என்றால் பலகையை எடுங்கள். வெள்ளி காலை பலகைக்கான எண்களைப் படமாகச் செயலாளர்களுக்கு அனுப்புங்கள். எழுதியதைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். 54-ஐயும் 45-ஐயும் அங்கேயே பிடித்துவிடலாம். அதே எண்களைக் குரலில் பேசிச் சேனலில் போட இன்னும் ஐந்து நிமிடம்தான் ஆகும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வழியிலும் ஒரே எண் போக வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

வீடுகள் சிதறிக் கிடக்கும், தனியாருக்குப் பால் ஊற்றும் பகுதி என்றால் சேனலிலிருந்து தொடங்குங்கள். பால் எடுக்க வரும் வண்டிக்காரர் சம்மதித்தால் வண்டியின் பக்கவாட்டிலேயே ஒரு சின்னப் பலகை மாட்டலாம். அவர் தினமும் வாசலுக்கு வருகிறவர்.

வேளாண் அறிவியல் நிலையம், பல ஒன்றியங்கள் என்றால் உங்களிடம் ஏற்கெனவே எம்கிசான் இருக்கிறது. அதை வாராந்தர விலைக்குத் தேய்க்காமல் உடனடிச் செய்திக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலையை உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் சொசைட்டிகளுக்கும் கொடுங்கள், அவர்கள் ஊருக்குச் சொல்லட்டும்.

எண்களைச் சொல்லும் முறையிலும் ஒரு வார்த்தை. குறைந்த விலை, கூடிய விலை இரண்டை மட்டும் சொன்னால் வியாபாரி குறைந்ததைக் காட்டுவார், விற்பவர் கூடியதைக் கேட்பார், பேரம் இன்னும் கெடும். பெரும்பாலான மாடுகள் எந்த விலைக்குள் முடிந்தன என்பதைச் சொல்லுங்கள், எத்தனை மாடு பார்த்து எழுதியது என்பதையும் சேர்த்து. எடுத்துக்காட்டாக: "வியாழன், கருங்கல்பாளையம். முதல் இரண்டு ஈத்துக் கலப்பினக் கறவை, பத்து லிட்டர் சுற்றி: பெரும்பாலும் 48 முதல் 55 ஆயிரம். 9 மாடு பார்த்தது. வரத்து போன வாரத்தைவிடக் குறைவு, கேரள வியாபாரிகள் அதிகம். இங்கிருந்து வண்டி, சுங்கம், தரகு சேர்த்து உருப்படிக்குச் சுமார் இவ்வளவு." இதைக் கேட்கும் சித்தி 38-க்குத் தலையாட்டமாட்டார்.

ஒரு வாரம் சந்தைக்குப் போக முடியாமல் போகும். காய்ச்சல் வரும், வீட்டில் விசேஷம் வரும். அந்த வாரம் போன வார எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். பலகையைத் துடைத்துவிட்டு "இந்த வாரம் சந்தைக்குப் போகவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள்.